ஒன்றரை

சித்ராவில் வேலை என்றதும்
யார் அவள் என்று கேட்டாள் மனைவி.
பஹ்ரைனில் ஒரு தீவு என்று சொல்லி
எண்ணெய் ஆலையின் தீக்கொழுந்தைப்
படம் எடுத்து அனுப்பியபிறகுதான்
சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை, காலை ஐந்தரை.
இந்நேரம் கம்பியைத் தொடலாம்.
எட்டு மணிக்கு மேல்
அடுப்பில் மறந்த கரண்டி அது.

முப்பதடிப் படகு,
பல் மருத்துவர் ஹனானுடையது.
பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் எல்லாம் புதுசு.
நேற்றைய ஷமால் அதற்குள்
மஞ்சள் தூசி பூசிவிட்டுப் போயிருக்கிறது.
இடப்பக்கம் கஸ்பார்.
வலப்பக்கம் நான்.
நடுவில் பாய்மரம்.
அதற்கும் நடுவில் நூற்று நாற்பது தினார்.

சீட்டு எடுத்தவன் அவன்,
ஜாமீன் நின்றவன் நான்.
நாற்பத்தொரு நாளாக
எங்கள் அறையில்
மேல்கட்டில் கீழ்க்கட்டிலோடு பேசுவதில்லை.

ஆஞ்சான் கயிற்றில் அளவுநாடாவைக் கட்டி
உச்சிக்கு ஏற்றினேன்.
அவன் பக்கத்துத் தகட்டுக்கு இழுத்துப் பார்த்து
"பதினொண்ணு நாப்பத்திரெண்டு" என்றான்,
கடலைப் பார்த்து.
என் பக்கம் பதினொன்று நாற்பத்தைந்து.
மூன்று சென்டிமீட்டர்.
மரமும் அவன் பக்கம்தான் சாய்ந்திருந்தது.

அவன் தளர்த்த, நான் இறுக்க,
"ஒண்ணு."
"ஒண்ணு."
"அரை."
"அரை."
எண்களுக்கு மட்டும் விலக்கு உண்டு
எங்கள் விரதத்தில்.

கன்னத்தை அலுமினியத்தில் ஒட்டி
பாய் ஓடும் தடத்தை அடியிலிருந்து அண்ணாந்து பார்த்தேன்.
பாதி உயரத்தில் ஒரு நெளிவு,
படுத்திருப்பவனின் இடுப்பு போல.
கீழ்க்கம்பிகளில் கால் சுற்று, மறுபடி கால்.
நெளிவு போனது.
கன்னத்தில் உப்பு மிஞ்சியது.

"நேராகிவிட்டதா?"
தெர்மாஸும் மூன்று குவளையுமாக ஹனான்.
கட்டி வைத்திருக்கும்போது நேர்தான் மேடம்,
காற்றில் போய்ப் பார்க்க வேண்டும் என்றேன்.

போனோம்.
பன்னிரண்டு நாட் காற்று வலப்பக்கத்திலிருந்து.
படகு சாய்ந்து நீரைக் கிழிக்க
என் கம்பி விறைத்து நின்றது, தட்டினால் பாடும்.
அவனுடையது
கொடியில் துணி எடுத்தபின் ஆடும் கயிறு.
பாரம் தாங்கும் கம்பியில் கைவைக்கக் கூடாது,
திருகின் மரை தேய்ந்துவிடும்.
தளர்ந்து கிடப்பதில்தான் திருக வேண்டும்.
குனிந்து திருகினான்.
எத்தனை சுற்று என்று சொன்னான், அல்லது
சொன்னது போல வாய் அசைந்தது.
காற்று எடுத்துக்கொண்டது.

ஹனான் சுக்கானைத் தள்ள
அணியம் காற்றைக் கடந்தது,
பாய் படபடத்து மறுபக்கம் நிறைந்தது.
இப்போது ஆடியது என் கம்பி.
அவன் கொடுத்த அதே அளவை
நானும் கொடுக்க வேண்டும்.
வேறு வழியில்லை.

"எவ்வளவு குடுத்தே?" என்று கத்தினேன்.

திரும்பிப் பார்த்தான்.
நாற்பத்தொரு நாளில்
முதல் கேள்வி.
உதட்டில் தெறித்த தண்ணீரைத் துடைத்தான்.
"ஒன்றரை."
பிறகு,
அலை ஒன்று போகும்வரை இருந்து,
"மிச்சம் அடுத்த மாசம் தந்துர்றேன்டா."

நான் கேட்டது திருகை.

"என்ன சொல்கிறார்?" என்றார் ஹனான்.
"ஒன்றரை மேடம்" என்று குனிந்தேன்.
ஒன்று.
அரை.

கரைக்கு வந்து
ஊசிகளை மாட்டிக் கால்களை விரித்து
நாடா சுற்றும்போது
எண்களுக்கும் வேலை இல்லை.
பழையபடி ஆளுக்கொரு பக்கம்.
அவன் குவளையில் காப்பி ஆறிக்கொண்டிருந்தது,
ஒரு ஈ.

ரசீது எழுதிக் கொடுத்து
ஹனானிடம் சொன்னேன்:
புதுக் கம்பி, மேடம்.
பாரம் ஏற ஏறக் கொஞ்சம் இழுபடும்.
அடுத்த மாதம் வந்து
மறுபடி அளந்து பார்க்க வேண்டும்.
இரண்டு பேரும் வர வேண்டும்.